லடாக் வீட்டில் ஜனவரிக் கீரை: ஒரு நிகழ்வு ஆய்வு

லே நகரில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 15-க்குக் கீழே இறங்குவது சாதாரணம். சில இரவுகளில் மைனஸ் 20-ஐயும் தாண்டிவிடும். மண் இறுகி மண்வெட்டி இறங்காது. ஓடை உறைந்திருக்கும், குழாயில் தண்ணீர் வராது. அந்த மாதத்தில் அங்கே பல வீட்டுக் கொல்லைகளில் பாலக் கீரை அறுக்கிறார்கள். ஹீட்டர் கிடையாது, தீ கிடையாது, மின்விளக்கும் கிடையாது. மூன்று பக்கம் மண்சுவர், நான்காவது பக்கம் பாலித்தீன் தாள், நாளுக்கு இரண்டு மூன்று முறை வந்து பார்க்க ஓர் ஆள். ஏற்பாடு அவ்வளவுதான்.

இந்தப் பசுமைக்குடிலைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் சுவரையும் தாளையும் பற்றிச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். லே அருகே ஒரு கிராமத்தில், குளிர்காலம் நெடுக நான் வாடகைக்கு இருந்த வீட்டை வைத்துச் சொன்னால், குடில் அந்த வீட்டுச் சாப்பாட்டில் சின்னப் பங்குதான். கொல்லையில் காய்கறிக் குழி இருந்தது, பரணில் உலர்த்திய கீரை மூட்டை இருந்தது, களஞ்சியத்தில் பார்லி மாவு இருந்தது. வயிற்றை நிரப்பியவை அவைதான். குடில் கொடுத்தது தினம் ஒரு கைப்பிடி பச்சை. அந்த ஒரு கைப்பிடிக்காக வீட்டார் ஆகஸ்டிலிருந்தே ஏன் மெனக்கெடுகிறார்கள், அதை எப்படிச் சாதிக்கிறார்கள், சமையலறையில் அது என்ன ஆகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

இடம்

லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் விழும் மழையையும் பனியையும் சேர்த்தாலும் சுமார் 100 மில்லிமீட்டர்தான். சென்னையில் ஐப்பசியில் ஒரே நாளில் அவ்வளவு கொட்டுவதுண்டு. மலைப்பனி உருகி வாய்க்காலில் வரும் தண்ணீரை நம்பித்தான் விவசாயம். வருடத்துக்கு ஒரு போகம். பார்லியையும் கோதுமையையும் வசந்தத்தில் விதைத்து, பனி வருவதற்குள் அறுத்துவிட வேண்டும்.

ஸ்ரீநகரிலிருந்து வரும் சாலை ஜோஜி லா கணவாயைக் கடக்க வேண்டும். மணாலியிலிருந்து வரும் சாலை அதைவிட உயரமான கணவாய்களைக் கடக்கிறது. இரண்டுமே பனிக்காலத்தில் மூடிவிடும். முன்பெல்லாம் நவம்பரில் மூடினால் மே மாதம் வரை திறக்காது. அந்த ஐந்தாறு மாதம் விமானத்தில் வருவதைத் தவிர வெளியிலிருந்து பச்சைக் காய்கறி வராது. விமானத்தில் வந்த தக்காளியின் விலையைக் கேட்டுவிட்டு உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள் அங்கே ஏராளம்.

1962 சீனப் போருக்குப் பிறகு பெரும் ராணுவப் படை லடாக்கில் நிரந்தரமாகத் தங்கியது. அத்தனை பேருக்கும் காய்கறி வேண்டும். லேயில் இயங்கும், பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ-வின் உயர்மலை ஆராய்ச்சி நிறுவனம் என்னென்ன காய் அங்கே விளையும், எந்த மாதத்தில், எந்த மூடாக்கின் கீழ் என்று சோதித்துப் பார்த்தது. உள்ளூர் விவசாயிகள் கூட்டுறவு சங்கங்கள் வழியாக ராணுவத்துக்குக் காய்கறி விற்கவும் தொடங்கினார்கள். மறுபுறம் தொண்டு நிறுவனங்கள். பிரெஞ்சு அமைப்பான ஜெரெஸ், உள்ளூர் அமைப்புகளோடு சேர்ந்து, சூரிய வெப்பத்தை மட்டும் நம்பும் வீட்டுக் குடில் ஒன்றை வடிவமைத்து நூற்றுக்கணக்கில் கட்டவைத்தது. அந்த வேலைக்கு 2009-இல், பசுமை ஆற்றல் திட்டங்களுக்குத் தரும் ஆஷ்டன் விருது கிடைத்தது. நான் பார்த்த வீட்டுக் குடிலும் அந்த மாதிரியை ஒட்டியதுதான். கொத்தனார் தன் கைவரிசையையும் கொஞ்சம் காட்டியிருந்தார்.

வெயில் உண்டு, சூடுதான் தங்காது

குளிர்நாட்டுத் தோட்டக்காரர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு. பகல் பத்து மணி நேரத்துக்குக் கீழே போனால் கீரை வளர்வது ஏறக்குறைய நின்றுவிடும் என்பார்கள். லண்டனில் டிசம்பர் 21-ஆம் தேதி பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. லே இருப்பது 34-ஆம் அட்சரேகையில். ஆண்டிலேயே மிகக் குறுகிய நாளிலும் அங்கே பகல் சுமார் 9 மணி 50 நிமிடம். மலை மறைப்பதில் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். போதாததற்கு வருடத்தில் 300 நாளுக்குக் குறையாமல் வெயில். காற்று மெல்லியது, ஈரமும் தூசியும் குறைவு, அதனால் அந்த வெயில் சுள்ளென்று அடிக்கும். வெயிலில் நிற்பவன் ஸ்வெட்டரைக் கழற்றலாம் போலிருக்கும். இரண்டடி தள்ளி நிழலுக்குப் போனால் காது விறைத்துவிடும்.

ஆக, வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. பகலில் கிடைக்கும் சூடு இரவில் தங்காததுதான் தொல்லை. மேகம் இல்லாத, காற்றில் ஈரம் இல்லாத இரவில் மண்ணும் கல்லும் தம் சூட்டை அப்படியே வானத்துக்கு விட்டுவிடும். நீலகிரியில் தலைகுந்தா பக்கம் டிசம்பர், ஜனவரியில் விடிகாலையில் புல்வெளி வெளுத்துக் கிடப்பதற்கும் இதுவே காரணம். மேகம் மூடிய இரவில் அங்கே உறைபனி விழாது. லடாக்கில் மேகம் மூடும் இரவுக்கு எங்கே போவது?

பசுமைக்குடிலைப் பற்றிப் பலரும் நினைப்பது, பாலித்தீன் சூட்டைப் பிடித்துவைக்கிறது என்று. பாதிதான் சரி. காற்று கலைந்து போகாமல் அது தடுக்கிறது. ஆனால் சூடான மண்ணிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிர் சாதாரண பாலித்தீன் வழியே பெருமளவு வெளியேறிவிடும். கண்ணாடி அளவுக்கு அது தடுக்காது. எனவே வெறும் பாலித்தீன் கூடாரம் பகலில் கொதிக்கும், இரவில் வெளிக் குளிரைவிடச் சில டிகிரி மட்டும் மேலாக இருக்கும். மைனஸ் 20-இல் சில டிகிரியை வைத்து என்ன செய்வது? லடாக் குடிலின் சூட்சுமம் சுவரில் இருக்கிறது.

சுவர்

குடில் கிழக்கு மேற்காக நீண்டிருக்கிறது. சுமார் 32 அடி நீளம், 16 அடி அகலம். பாலித்தீன் தெற்குப் பக்கம் மட்டும். டிசம்பர் நண்பகலில் லேயில் சூரியன் தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய 32 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தாழ்வாக வரும் அந்த வெயில் நேரே உள்ளே புகுந்து வடக்குச் சுவர் வரை போகும்படி, தாளின் கீழ்ப்பகுதியை நன்றாக நிமிர்த்தியும் மேல்பகுதியைப் படுக்கவாட்டில் சாய்த்தும் கட்டியிருக்கிறார்கள்.

மற்ற மூன்று பக்கமும் இரட்டைச் சுவர், வெயிலில் காயவைத்த மண் செங்கல்லால் ஆனது. இரண்டு சுவருக்கும் இடையில் நாலைந்து அங்குல இடைவெளி. அதில் வைக்கோல், மரத்தூள், மலைப்புதரின் காய்ந்த இலை என்று கையில் கிடைத்ததைத் திணித்து வைத்திருப்பார்கள். உள்சுவர் சூட்டை வாங்கிக்கொள்ளும், திணிப்பு அதை வெளிச்சுவருக்குப் போகவிடாது. கூரையின் வடபாதி லடாக் வீட்டுக் கூரை மாதிரியேதான். பாப்லர் மர உத்திரம், மேலே வில்லோ குச்சி, அதன்மேல் வைக்கோல், மண்.

எனக்குப் பிடித்தது உட்புறச் சாயம். மேற்குச் சுவருக்கு வெள்ளை, கிழக்குச் சுவருக்குக் கறுப்பு. காலை வெயில் கிழக்கிலிருந்து வந்து மேற்குச் சுவரில் விழும். இரவெல்லாம் விறைத்துப்போன செடிக்கு அந்த நேரத்தில் சுவர் சூட்டைத் தின்றுவிடக் கூடாது, வெளிச்சத்தைச் செடிமேல் திருப்பிவிட வேண்டும். அதனால் வெள்ளை. பிற்பகல் வெயில் கிழக்குச் சுவரில் விழும்போது குடில் ஏற்கெனவே சூடேறியிருக்கும். இனி வருவதை இரவுக்குச் சேர்த்துவைக்க வேண்டும். அதனால் கறுப்பு. வடக்குச் சுவரும் கறுப்புதான். ஒரு டப்பா சுண்ணாம்பும் ஒரு டப்பா கரியும் செய்யும் இந்த வேலைக்கு மோட்டாரும் வேண்டாம், தெர்மோஸ்டாட்டும் வேண்டாம்.

வாசலுக்கு உள்ளே ஒரு டிரம் தண்ணீர் நிற்கும். பாய்ச்சுவதற்கென்று வைத்ததுதான், ஆனால் அதுவும் பகலில் சூடேறி இரவில் அந்தச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். எல்லாம் ஒழுங்காக அமைந்தால் வெளியே மைனஸ் 20-க்குக் கீழே போனாலும் உள்ளே பெரும்பாலும் உறைநிலைக்கு மேலேயே நிற்கும். இரண்டொரு இரவு ஒன்றிரண்டு டிகிரி கீழே போகும், பாலக் அதைத் தாங்கிவிடும்.

ஒரு நாள் வேலை

குடிலை நடத்துபவர் வீட்டின் மூத்த பெண்மணி. எல்லோரும் அமா-லே, அதாவது மரியாதையாக அம்மா, என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். வெயில் தாளில் படும் வரை அவர் குடில் பக்கம் போகமாட்டார். பட்டதும் தாளுக்கு உட்புறம் தொங்கும் பழைய பாராசூட் துணித் திரையைச் சுருட்டி மேலே கட்டுவார். இந்தத் திரைதான் இரவில் வெப்பக் கதிர் தாள் வழியே ஓடிவிடாமல் மறிப்பது. இதை இழுத்துவிட மறந்த ஒரே ஓர் இரவு, சுவருக்காகச் செய்த செலவை வீணாக்கிவிடும்.

காலையில் உள்ளே போனால் தாளின் உட்புறம் பூத்திருக்கும் பனி, சூடேற ஏற உருகிச் சொட்டும். ஓரப் பாத்தியில் சில கீரைகள் தரையோடு படுத்து, கண்ணாடி போலப் பளபளப்பாகக் கிடக்கும். பார்த்தவுடன் போச்சு என்று தோன்றும். அமா-லே தொடவிடமாட்டார். "மத்தியானம் வா" என்பார். பன்னிரண்டு மணிக்குப் போனால் அதே செடி ஒன்றும் நடக்காததுபோல நிமிர்ந்து நிற்கும். குளிர் பழகிய கீரையின் உயிரணுக்களில் சர்க்கரை சேர்ந்திருப்பதால் உள்நீர் எளிதில் உறையாது. உறைவது அணுக்களுக்கு இடையே உள்ள நீர். அது மெல்ல உருகினால் செடி அதை மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். உறைந்த நிலையில் கைவைத்துக் கசக்கினால் பனிக்கட்டி அணுச்சுவரைக் கிழித்துவிடும், மாலைக்குள் இலை கறுத்து அழுகும். குளிர்காலக் கீரை இனிப்பதும் அந்தச் சர்க்கரையால்தான்.

பதினோரு மணிக்கெல்லாம் உள்ளே வேர்க்கும். வெளியே உறைநிலை, உள்ளே 25 டிகிரிக்கு மேல். அப்போது கூரைத் திறப்பையும் கதவையும் திறந்துவிட வேண்டும். குளிர்காலத்தில் செடி வெந்து சாகும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? ஆனால் நடக்கும். ஈரக் காற்று வெளியேறாவிட்டால் பூஞ்சணமும் வரும். தண்ணீர் விடுவதும் இந்த நேரத்தில்தான், அதுவும் டிரம்மில் கிடந்த தண்ணீரைத்தான். அடிபம்பிலிருந்து எடுத்த பச்சைத் தண்ணீரை நேரே விட்டால் மண் அன்று முழுக்கச் சில்லிட்டுக் கிடக்கும்.

மூன்று மணி தாண்டியதும் எல்லாவற்றையும் மூட வேண்டும். மேற்கு மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிய பிறகு மூடிப் பயனில்லை, சேர்த்த சூடு அதற்குள் போயிருக்கும். குடில் திட்ட அறிக்கைகளில் செங்கல் கணக்கும் பாலித்தீன் கணக்கும் இருக்கும். திறந்து மூடும் இந்த வேலை ஒரு நாள் விடாமல் நான்கைந்து மாதம், பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கையில் நடக்கிறது. அதற்குக் கூலி எழுத எந்த அறிக்கையிலும் பத்தி இருக்காது. ஒரு குடில் ஓடுமா ஓடாதா என்று என்னைக் கேட்டால், சுவரைப் பார்ப்பதற்கு முன் அந்த வீட்டில் பகலில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பேன்.

எப்போது விதைப்பது

ஜனவரியில் அறுக்க வேண்டிய கீரையை ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ விதைத்துவிட வேண்டும். வெளியே தோட்டம் நிறையக் காய்த்துக் குலுங்கும் நேரம் அது. அப்போது போய்க் குடிலைக் கொத்தி எருப்போட யாருக்கும் மனம் வராது. ஆனால் கடும் குளிர் வருமுன் செடி ஏறக்குறைய முழு அளவுக்கு வந்திருக்க வேண்டும். நவம்பரில் விதைத்தால் முளைக்கும், இரண்டு இலை விடும், பிப்ரவரி வரை அப்படியே உட்கார்ந்திருக்கும்.

பாலக், வெந்தயக்கீரை, கொத்தமல்லி, பச்சைப் பூண்டுத் தாள், கொஞ்சம் முள்ளங்கி, அங்கே மங்கோல் என்று சொல்லும் அகன்ற இலைக் கீரை ஒன்று. பீட்ரூட் இனம், தண்டு தடித்திருக்கும். செடியை வேரோடு பிடுங்குவதில்லை. வெளி இலைகளை மட்டும் ஒடித்து நடுக் குருத்தை விட்டுவிடுவார்கள். டிசம்பர், ஜனவரியில் அறுத்த இடத்தில் மறு இலை வர வாரக்கணக்காகும் என்பதால் ஒரு பாத்தியைத் தொட்டால் அடுத்த முறை வேறு பாத்தி. பிப்ரவரி நடுவில் திடீரென்று எல்லாம் கிளம்பும். அப்போது ஒரு பாத்தியைக் காலிசெய்து முட்டைகோஸ், காலிஃபிளவர் விதை தூவி வெளித்தோட்டத்துக்கு நாற்று வளர்ப்பார்கள். கோடையில் அதே குடிலில் தக்காளியும் வெள்ளரியும்.

எரு வீட்டிலிருந்தே. லடாக் வீட்டின் உலர் கழிப்பறையில் மண்ணும் சாம்பலும் போட்டுப் போட்டு மக்கவைத்தது வயலுக்குப் போகும். குடிலுக்கு நன்றாக மக்கிய சாணமும் ஆட்டுப் புழுக்கையும். பூச்சி என்றால் அசுவினி ஒன்றுதான் பெரிய தொல்லை. வெதுவெதுப்பும் ஈரமும் இருக்கிறது, அதைத் தின்னும் பூச்சிகள் குளிரில் இல்லை, கொண்டாட்டம்தான். சாம்பல் தூவுவார்கள், சோப்புத் தண்ணீர் அடிப்பார்கள், முற்றினால் அந்தச் செடியையே பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிடுவார்கள்.

அதே கிராமத்தில் சில குடில்கள் வேலை செய்யாமலும் கிடந்தன. ஒன்று மலை நிழலில் கட்டியது, டிசம்பரில் வெயில் விழுவதே மத்தியானம்தான். இன்னொன்றில் தாள் கிழிந்து பல மாதம். வேறொன்றை வைக்கோல் போடும் கொட்டகை ஆக்கியிருந்தார்கள். அந்த வீட்டில் பிள்ளைகள் எல்லோரும் வெளியூரில். மானியம் வருகிறதே என்று கட்டியதற்கும் கீரை வேண்டும் என்று கட்டியதற்கும் வித்தியாசம் இரண்டாவது குளிர்காலத்திலேயே தெரிந்துவிடும். குடில் கட்ட இடமில்லாத சில வீடுகளில், தெற்குப் பார்த்த கண்ணாடி அறையில், ஷெல்காங் என்பார்கள், பழைய எண்ணெய் டின்களில் கொத்தமல்லி வளர்த்திருந்தார்கள். எனக்கு அது புத்திசாலித்தனமாகவே பட்டது.

குழியும் மூட்டையும்

உருளை, கேரட், டர்னிப், முள்ளங்கி எல்லாம் அக்டோபரில் மண்ணுக்குள் போய்விடும். கொல்லையில் ஆளுயரக் குழி, மேலே மரம் பரப்பி மண் மூடி, இறங்க ஒரு சின்னத் திறப்பு, அதை அடைக்க வைக்கோல் பொதி. பனி இறங்கும் ஆழத்துக்குக் கீழே மண்ணின் சூடு அதிகம் மாறாது. உள்ளே பழைய காலத்து ஃப்ரிட்ஜ் குளிர் இருக்கும், உறையாது.

கேரட்டின் தழையைக் கழுத்தோடு வெட்டிவிட்டு, ஈரமண் ஒரு அடுக்கு, கேரட் ஒரு அடுக்கு என்று அடுக்குவார்கள். தழை இருந்தால் கிழங்கின் நீரை அது குடித்துவிடும். கழுவக் கூடாது. காயம்பட்டதைத் தனியே எடுத்து முதல் வாரத்திலேயே சமைத்துவிட வேண்டும். ஆப்பிளை இந்தக் குழியில் போடுவதில்லை. ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு பட்டால் கேரட் கசக்கும். உருளை மிகவும் குளிர்ந்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாகி அசட்டு இனிப்பு தட்டும். அதனால் அது குழியின் மேல்மூலையில் இல்லாமல் அடியில். வாரம் ஒருமுறை, வெயில் ஏறிய பிறகுதான் திறப்பார்கள்.

கீரை மூட்டை வேறு வேலை. கோடையில் மிஞ்சும் டர்னிப் தழை, பாலக், காட்டுக்கீரை எல்லாவற்றையும் நிழலில் உலர்த்தி வைப்பது. நாம் கத்தரிக்காயையும் சுண்டைக்காயையும் உச்சி வெயிலில் போட்டு வத்தல் ஆக்குவோம். அங்கே வெயிலில் போட்டால் ஒரே நாளில் பச்சை வெளுத்துவிடும். காற்றே அவ்வளவு வறண்டது என்பதால் நிழலே போதும். டர்னிப்பை வட்டமாக நறுக்கிக் கோத்துத் தொங்கவிடுவதும் உண்டு. உலர்த்தும்போது வைட்டமின் சி பெருமளவு போய்விடும். பார்லி, வெண்ணெய், உலர்பாலாடை, உலர்கீரை என்று ஐந்து மாதம் ஓட்டிய காலத்தில் உடம்புக்குக் குறைந்தது அதுதான். குடில் தரும் அந்த ஒரு கைப்பிடி முக்கியமாவதும் இங்கேதான்.

அடுப்படி

குளிர்காலத்தில் வீடு சுருங்கி ஒரே அறையாகிவிடும். அடுப்பு இருக்கும் அறை. சாப்பாடு, படிப்பு, ஜபமாலை, தூக்கம் எல்லாம் அங்கேதான். அடுப்புக்கு வறட்டியும் வில்லோ விறகும். காஸ் அடுப்பும் உண்டு, ஆனால் சிலிண்டரை வெளியே வைத்தால் குளிரில் அழுத்தம் விழுந்து சுடர் சோர்ந்துவிடும். அதுவும் மனிதர்களோடு உள்ளேதான் குடியிருக்கும்.

3,500 மீட்டரில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தால் பருப்பு வேகாது. துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேகவைக்க நினைக்கும் தமிழன் அன்று ரொட்டிதான் சாப்பிடுவான். குக்கர் இல்லாத வீடே அங்கே இல்லை. இட்லி மாவை இரவெல்லாம் அடுப்போரம் கம்பளி சுற்றி வைத்தால் மறுநாள் சாயங்காலம் பொங்கும், சில சமயம்.

அங்கத்திய குளிர்காலச் சமையல் இந்தக் கொதிநிலையோடு சண்டை போடுவதில்லை. மெல்ல, நிறைய நேரம், ஒரே பாத்திரம். ஸ்க்யூ அதற்கு நல்ல உதாரணம். கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, கோலிக்குண்டு அளவு கிள்ளி, உள்ளங்கையில் வைத்துப் பெருவிரலால் அழுத்தி இழுத்தால் சின்னச் சிப்பி மாதிரி குழியும். வெங்காயத்தை எண்ணெயில் வதக்கி, இறைச்சி இருந்தால் அதையும் போட்டு, குழியிலிருந்து வந்த உருளை, கேரட், டர்னிப் எல்லாம் பெரிய துண்டுகளாகப் போட்டுத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவிடுவார்கள். காய் முக்கால் வேக்காடு வந்ததும் சிப்பிகள் உள்ளே. சிப்பியில் ஒட்டிய மாவு கரைந்து குழம்பு தானாகக் கெட்டிப்படும். சிலர் கடைசியில் கொஞ்சம் பால் விடுவார்கள். இறக்குவதற்கு ஒரு நிமிடம் முன்பு, கையால் பிய்த்த பாலக். மூடிபோட்டு இறக்கிவிட வேண்டும். பச்சை நிறம் அப்படியே நிற்கும்.

குடில் இல்லாத வீட்டில் இதே ஸ்க்யூவுக்கு உலர்கீரை. அதை வெந்நீரில் ஊறவைத்து, பிழிந்து, ஆரம்பத்திலேயே போட வேண்டும். கொஞ்சம் துவர்ப்பும் வைக்கோல் மணமும் உள்ள அந்தச் சுவைக்குப் பழகியவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். அமா-லேயே அப்படித்தான். மருமகள் பச்சைக் கீரை போட்டால் சாப்பிடுவார், ஆனால் தன் முறை வரும்போது மூட்டையை அவிழ்ப்பார். இது பழமைப் பிடிவாதம் என்று எனக்குத் தோன்றவில்லை. நீண்ட நேரம் கொதிக்கும் குழம்பில் உலர்கீரை இறங்கிக் கொடுக்கும் கனம் புதுக்கீரையில் வராது. புதுக்கீரைக்கு வேறு இடம் இருக்கிறது.

அந்த இடம் தங்தூர். மோரில் வேகவைத்த கீரையும் உப்பும் சேர்த்துக் கலப்பது. பார்லி மாவும் பட்டாணி மாவும் சேர்த்துக் கிளறி உருட்டும் பாபாவுக்கு அது தொட்டுக்கை. நம் களியும் கீரை மோர்க்கூட்டும் தின்றவனுக்கு அது அந்நியமாகவே இருக்காது. இதற்கு உலர்கீரை சரிவராது, சக்கை சக்கையாக நாக்கில் நிற்கும். குடிலில் இருந்து வந்த இளம் பாலக்கை இரண்டே நிமிடம் கொதிநீரில் காட்டி எடுத்து, நறுக்கி, மோரில் போட்டால் குளிர்கால நடுவில் கோடைக்காலச் சாப்பாடு. முன்பு தங்தூரை வசந்தத்தில் காட்டுக்கீரை துளிர்க்கும்போதுதான் சாப்பிட்டிருப்பார்கள். அடுப்படியில் குடில் செய்த உண்மையான மாற்றம் என்று இதைத்தான் சொல்வேன். குளிர்காலப் பதார்த்தங்கள் பெரிதாக மாறவில்லை. வேறு பருவத்துச் சாப்பாடு ஒன்று ஜனவரிக்குள் வந்துவிட்டது.

கொத்தமல்லிக்கும் பூண்டுத் தாளுக்கும் அளவுக்கு மீறிய மரியாதை. காய்ந்த மிளகாயும் தக்காளியும் வைத்து அரைக்கும் சட்னியில் நாலு இணுக்கு போடுவார்கள். துக்பா என்ற நூடுல்ஸ் சூப்பின் மேல் தூவுவார்கள். பக்கத்து வீட்டுக்குப் போகும்போது கையில் ஒரு கட்டு எடுத்துப்போவார்கள். விற்பனையும் உண்டு, ஆனால் ஒரு வீட்டுக் குடிலில் கொடுத்தது போக மிஞ்சுவதைத்தான் கடைத்தெருவுக்குக் கொண்டுபோவார்கள்.

சாலை திறந்தால்

அண்மை ஆண்டுகளில் எல்லைச் சாலை அமைப்பு ஜோஜி லாவில் பனியை அகற்றும் வேகம் கூடி, சாலை மூடிக்கிடக்கும் காலம் இரண்டு மாதத்துக்கும் கீழே வந்துவிட்டது. கணவாய்க்கு அடியில் சுரங்கப்பாதையும் வெட்டுகிறார்கள். அது முடிந்தால் ஆண்டு முழுவதும் லாரி வரும். அப்போது இந்தக் குடில்களுக்கு என்ன வேலை என்று லேயில் பலர் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

முட்டைகோஸும் காலிஃபிளவரும் லாரியில் வந்து சேரும். அவற்றோடு குடில் போட்டி போட முடியாது, போடவும் தேவையில்லை. குழிக்குத்தான் முதல் அடி விழும் என்று நினைக்கிறேன். கடையில் மலிவாகக் கேரட் கிடைத்தால் ஆளுயரக் குழியில் இறங்க இளையவர்கள் வரமாட்டார்கள். கீரை கதை வேறு. சமவெளியிலிருந்து இரண்டு மூன்று நாள் லாரியில், உறைந்தும் உருகியும் வரும் பாலக்கை யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள். கொத்தமல்லிக்கும் அதே கதிதான். ஆகவே பெரிய வணிகக் குடில்கள் தடுமாறினாலும், வீட்டுக் கொல்லையில் இருக்கும் சிறிய கீரைக் குடில் நிற்கும் என்பது என் கணிப்பு.

நிற்பதற்கு ஒரு தடை தாள். அந்த உயரத்தில் புற ஊதாக் கதிர் கடுமை. சாதாரண பாலித்தீன் ஓரிரு வருடத்தில் நொறுங்கிவிடும். புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி தயாரித்த தாள் ஐந்து வருடம்போலத் தாங்கும், பிறகு அதையும் மாற்ற வேண்டும். மண்சுவரைக் கிராமத்திலேயே கட்டிவிடலாம், உத்திரத்துக்குக் கொல்லைப் பாப்லர் போதும், திணிக்க வைக்கோல் இருக்கிறது. தாள் மட்டும் வெளியிலிருந்து வர வேண்டும். முதல் தாள் மானியத்தில் வரும், இரண்டாவதைப் பெரும்பாலும் வீட்டாரே வாங்க வேண்டியிருக்கும். நான் இருந்த வீட்டில் அது இரண்டாவது தாள். ஓரங்களில் நாடா ஒட்டி ஒட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த செப்டம்பரில் விதைக்கும் முன் மாற்றியாக வேண்டும் என்று அமா-லேயும் மகனும் பேசிக்கொண்டிருந்தபோது, பணம் கொத்தமல்லி விற்றதில் வருமா, ஆப்ரிகாட் விற்றதில் வருமா என்பதில்தான் வாக்குவாதம்.